எண்ணெயும் இருதயமும்

சிங்கப்பூர் செல்லும் தோட்டத்து அன்பர்கள் பலர் தேக்காவில் கால் வைக்காமல் திரும்புவதில்லை. அங்குள்ள மளிகைக் கடைகளில் நெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் எனப் பலவும் கிடைக்கும். ஒரு பொருளுக்கு மட்டும் இன்று அங்கே இடமில்லை. ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அரைகுறையாகக் கெட்டியாக்கிய எண்ணெயையும், அது கலந்த உணவுப் பண்டங்களையும் சிங்கப்பூர் அரசு 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தடை செய்துள்ளது. நம்மவர் வனஸ்பதி என அறிந்திருந்த பொருள் பெரும்பாலும் இவ்வாறு செய்யப்பட்டதே.

எண்ணெய் இவ்விதம் கெட்டியாகும்போது ‘டிரான்ஸ்’ என்னும் கொழுப்பு உண்டாகிறது. அது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, வழி குறுகி, இறுதியில் மாரடைப்பு நேர்கிறது. 1980களில் சிங்கப்பூரில் இந்நோயால் இறந்தோரின் விகிதம் சீனர், மலாய்க்காரரைவிட இந்தியரிடையே மிகுந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இதனால் கொழுப்பே நஞ்சு என்று கொள்ள வேண்டியதில்லை. முருங்கைக் கீரையிலுள்ள ‘ஏ’ உயிர்ச்சத்தை உடல் ஏற்பதற்குச் சிறிது எண்ணெய் தேவை. வளரும் பிள்ளைகளுக்கும் கொழுப்பு இன்றியமையாதது. கேள்வி, எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்பதே.

சட்டம் தடுக்காத நிறைவுற்ற கொழுப்பைப் பற்றித்தான் நாம் அதிகம் சிந்திக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் இது நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். நெய்யில் ஏறக்குறைய 60. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருபதுக்கும் குறைவு. நாள் உணவின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இக்கொழுப்பிலிருந்து வரலாகாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாதாரண உணவு உண்பவருக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 22 கிராம். மூன்று மேசைக்கரண்டி நெய்யிலேயே இவ்வளவும் வந்துவிடும்! பிறகு தேங்காய்ப்பால் கறிக்கு இடமேது? பண்டிகை நாளில் நெய் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அன்றாடம் தாளிப்பதற்குக் கடலை எண்ணெய் போதும். கெம்போங் மீனின் கொழுப்போ இருதயத்துக்கு நலம் பயப்பது. அதைப் பொரிக்காமல் குழம்பாக வைத்தல் சிறப்பு.

விடியலில் எழுந்து நிரை நிரையாய் நடந்து மரம் சீவுவோருக்கு எதை உண்டாலும் கரைந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். உழைப்பு நல்லதே. ஆயினும் மெலிந்த உடலிலும் கொலஸ்டிரால் கூடியிருக்கலாம். அதற்கு வலியோ வேறு அறிகுறியோ இராது. இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும். நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் மாரடைப்பு கண்டோரும், நீரிழிவு உடையோரும் அருகிலுள்ள அரசு மருந்தகத்தில் அப்பரிசோதனையைச் செய்துகொள்வார்களாக.