நம் மனச்சோர்வு கணினிக்கு எப்படித் தெரிகிறது?

ஃபேஸ்புக்கில் நீங்கள் எழுதுவதைப் படித்தே உங்கள் மனச்சோர்வைக் கணினி ஊகிக்க முடியுமா? ஓரளவு முடியும்.

அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலைதான். நாம் அரிசியைப் பார்ப்போம், அதாவது சொல்லும் விஷயத்தை. கணினியோ ‘நான்’, ‘எனக்கு’ போன்ற பொடிச் சொற்களைப் பொறுக்கி எண்ணும். மனம் வலித்தால் கவனம் தன்மீதே திரும்புகிறது. அந்தச் சொற்கள் கூடுகின்றன.

அமெரிக்காவில் 683 நோயாளிகள் சம்மதித்துத் தந்த பதிவுகளை அவர்களுடைய மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மனச்சோர்வு என்று மருத்துவர் எழுதுவதற்கு மூன்று மாதம் முன்பே தடயம் தெரிந்தது. அழுகை, தனிமை பற்றிய சொற்களும் அதில் சேர்த்தி.

ஒரே ஒரு பதிவை வைத்து யாரையும் எடைபோட்டுவிடாதீர்கள். பல பதிவுகள் சேர்ந்தால்தான் போக்கு புலப்படும்.

தமிழில் வேலை இன்னும் கடினம். ‘ராத்திரி முழுக்க அழுதேன்’ என்கிறோம். ‘நான்’ எங்கே? வினையின் வாலில் இருக்கிறது. அதையும் எண்ணக் கணினிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.