தடுப்பூசிக்குப் பின் பத்தியம் வேண்டுமா?

பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு வந்த அன்றே நம் தோட்டத்து வீடுகள் பலவற்றில் சமையல் மாறிவிடுகிறது. மீன் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடவே கூடாது என்று பெரியவர்கள் கட்டளையிடுகின்றனர். பால் கொடுக்கும் தாய்க்கு மிளகு இரசமும் சோறுமே மிஞ்சுகின்றன. அன்பினால் விதிக்கப்படும் இப்பத்தியம் தேவையற்றது என்பதை நாம் உணர வேண்டும்.

முன்னாளில் அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். மீனும் இறைச்சியும் சமைக்க மாட்டார்கள். முதன்முதல் தோன்றிய தடுப்பூசியும் அம்மைக்கு உரியதே. ஆகவே, அந்நோயின் பத்தியம் ஊசிக்கும் ஒட்டிக்கொண்டது போலும். பெரியம்மை ஒழிந்ததென்று 1980ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பத்தியம் மட்டும் ஒழியவில்லை.

பிறந்தவுடன் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியால்தான் இளந்தாய்மார் மிகுதியும் பழி சுமக்கின்றனர். ஊசி போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கட்டி எழும். சில வேளை உடைந்து சீழ் வடியும். பின்னர் ஆறித் தழும்பாகும். “நீ கருவாடு தின்றாய், பிள்ளைக்குப் புண் வந்தது” என்று மாமியார் கடிந்துகொள்வார். உண்மை அதுவன்று. அம்மருந்தால் இயல்பாக எழும் புண் அது. பிதுக்காமலும், மஞ்சளோ பச்சிலையோ பூசாமலும் விட்டால் தானே ஆறும். அக்குளில் நெறி கட்டினால் மட்டும் சுகாதார நிலையத்தில் காட்டுதல் வேண்டும்.

2, 3, 5ஆம் மாதங்களில் போடப்படும் ஊசிகளுக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வரக்கூடும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலே உணவு, அதுவே நீர். அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆதலால் தாய் மீனும் முட்டையும் கீரையும் வயிறார உண்ணட்டும். வளர்ந்த பிள்ளைக்குக் கஞ்சி, இட்டிலி, பருப்புச் சோறு, வாழைப்பழம் என அது விரும்பியதைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உண்ண மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் நீர் கொடுப்பதை நிறுத்தலாகாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தரவே கூடாது.

பால்வெட்டுக் கத்தி பட்டு இரணஜன்னி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் உணவுக் கட்டுப்பாடு இல்லை. கள்ளும் சம்சுவும் அன்று வேண்டாம். தலைச்சுற்றல் வந்தால் அது ஊசியாலா, குடியாலா என்று யார் கண்டறிவது? மறுநாள் விடியலில் வெறும் வயிற்றோடு நிரைக்குச் செல்வதும் நன்றன்று.

முன்பு ஏதேனும் உணவாலோ மருந்தாலோ தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் கண்டவர்கள் அதனை ஊசிக்கு முன்னரே தாதியிடம் கூற வேண்டும். ஊசி போட்டபின் அரைமணி நேரம் நிலையத்திலேயே அமர்ந்திருங்கள். வீடு திரும்பிய பின் அத்தகைய குறிகள் தோன்றினால் கைவைத்தியம் பாராது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.