மண்ணுக்குள்ளே நமக்காக வேலை செய்கிறவர்கள்

செக்ரோலில் பேர் இல்லாமல், சம்பளமும் இல்லாமல் இரவு பகலாக வேலை செய்கிற ஒரு கூட்டம் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. மண்புழு, மரவட்டை, எறும்பு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பூச்சிகள் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை.

மரவட்டையும் சிறு பூச்சிகளும் உதிர்ந்த இலையைக் கடித்துப் பொடியாக்கும். பொடியான இலை சீக்கிரம் மக்கும். மண்புழு அதை மண்ணோடு சேர்த்து விழுங்கும். வயிற்றுக்குள் பசை கலந்து வெளியே வரும் எச்சம் சிறு சிறு உருண்டைகளாக இருக்கும். செடி எடுத்துக்கொள்ளக்கூடிய சத்து, சுற்றியுள்ள மண்ணைவிட இதில் அதிகம். இங்கிலாந்து அறிஞர் சார்ள்ஸ் டார்வின் 1881 இல் மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்த நாட்டின் பல இடங்களில் ஒரு ஏக்கருக்கு வருடத்தில் 10 தொன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றுக்குள் போய் வருகிறது என்பது அவர் கணக்கு.

நாம் இருப்பதோ சரிவான மலை. மண்புழு போட்ட துவாரங்கள் வழியாக மழைத்தண்ணீர் கீழே இறங்கும். துவாரம் இல்லாத இறுகிய மண்ணில் தண்ணீர் மேலாக ஓடி, நல்ல மேல்மண்ணைக் கானுக்கு அடித்துக்கொண்டு போகும். மேல்மண் போனால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நாம் எடுக்கிற கிலோவும் குறையும்.

மண்ணில் உள்ள பூச்சி எல்லாமே நல்லது என்று நாம் சொல்லவில்லை. தேயிலை வேரைக் கெடுக்கும் நுண்புழுவும், உயிருள்ள மரத்தையே தின்னும் கறையானும் உண்டு. ஆனால் கண்டபடி மருந்தைக் கொட்டினால் கெட்டதோடு நல்லதும் செத்துப்போகும். கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்து வருடக்கணக்கில் மண்ணில் சேர்ந்தால் மண்புழு குறைந்துவிடும். மண் அளவுக்கு மீறிப் புளித்தாலும் அப்படித்தான். கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுவது அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான்.

லயத்துத் தோட்டத்தில் நாம் செய்யக்கூடியவை:

1. இலை தழையை எரிக்காமல் பாத்தியின் மேல் பரப்புங்க. வெயிலில் மண் காயாது, புழு தங்கும்.

2. மரக்கறித் தோல், சாணம், சாம்பல் கொஞ்சம் சேர்த்துக் குழியில் மக்கவிடுங்க. பொலித்தீன், பழைய பற்றரி வேண்டாம்.

3. தேவையில்லாமல் அடிக்கடி மண்ணைப் புரட்ட வேண்டாம்.

4. மருந்து டாங்கியைத் தோட்டத்திலோ ஓடையிலோ கழுவ வேண்டாம்.

மண் எப்படி என்று அறிய, காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கிளாஸ் தண்ணீரில் மெதுவாகப் போடுங்க. உடனே கரைந்து சேறானால் அந்த மண்ணில் பிடிப்பு இல்லை. கட்டி குலையாமல் நின்றால் நல்ல மண். ஒரு அடிச் சதுரம் தோண்டி மண்புழுவை எண்ணி, கணக்கை எழுதி வையுங்க. அடுத்த வருடம் அதே மாதத்தில் திரும்ப எண்ணினால் வித்தியாசம் தெரியும். பிள்ளைகளையும் கூட வைத்து எண்ணுங்க. அடுத்த மழை தொடங்குமுன் ஒரு பாத்தியிலாவது செய்து பார்ப்போம்.