விண் பூட்டிய சிறகு

யாழ்ப்பாணத்தில் தைமாதத்துக் காற்றிலே பட்டம் ஏற்றி வளர்ந்தவர்களுக்கு 'விண்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பட்டத்தின் தலையில் வில்லாக வளைத்துப் பூட்டிய மெல்லிய நார், காற்றுப் பட்டவுடன் கூவத் தொடங்கும். பட்டம் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போன பின்பும், இரவு இருட்டிய பின்பும், அந்தக் கூவல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கூவல் சீராக இருந்தால் பட்டம் சீராக நிற்கிறது. தளர்ந்தால் காற்று விழுகிறது. நின்றுவிட்டால் எழுந்து ஓடவேண்டியதுதான். வல்வெட்டித்துறையில் நான் சிறுவனாய் இருந்த நாட்களில், பட்டத்தைப் பூவரசமரத்தில் கட்டிவிட்டுத் திண்ணையில் படுத்தபடி, விண்ணின் ஒலியிலே உறங்கிப்போனதுண்டு. ஒலி கேட்கும்வரை மனம் நிம்மதியாய் இருக்கும்.

அந்த நினைவு எனக்கு மீண்டும் வந்தது பூவரசமரம் ஒன்றுகூட இல்லாத தேசத்தில். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சுவிற்சர்லாந்தில் என் தமக்கையார் வீட்டில் விருந்தினனாய் இருந்தேன். 1983க்குப் பின் ஊரைவிட்டுப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. துன் ஏரிக்கரையில் ஒரு சிற்றூரில் வாழ்கிறார். அவருடைய ஒரே மகன் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே உத்தியோகம் பார்ப்பவன். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஓய்வு கிடைத்தால் மலையுச்சிக்குப் போய், ஒரு துணிச் சிறகைத் தோளிற் பூட்டிக்கொண்டு, ஆகாயத்தில் குதித்துவிடுவான்.

இந்த விளையாட்டைப் பராகிளைடிங் என்கிறார்கள். 1978ஆம் ஆண்டு யூன் மாதம், பிரான்சு நாட்டில் மியூசி என்னும் மலைக்கிராமத்தில், பரசூட் வீரர்கள் மூவர் விமானத்திலிருந்து குதிப்பதற்குப் பதிலாக மலைச்சரிவில் ஓடிப் பறக்க முயன்றதிலிருந்து இது பரவியதென்பர். இந்தச் சிறகுக்கு இயந்திரம் கிடையாது. அமைதியான காற்றில் அது நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் வீதம் கீழே இறங்கிக்கொண்டே முன்னேறும். வெயிலிற் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றுத் தூணைக் கண்டுபிடித்து, அதற்குள்ளேயே வட்டமிட்டால் மேலே ஏறலாம்; பருந்து செய்வதும் அதுவே. மேலே ஏறினால் அடுத்த மலைக்குச் சறுக்கிப் போகலாம். இப்படியே வல்லவர்கள் ஒரு பகலில் நூறு கிலோமீற்றருக்கு மேலும் போய்விடுகிறார்கள்.

ஆனால் காற்றுத் தூண் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடலாலும் அதை நம்பி அறிய முடியாது. வேகம் மாறும் கணத்தை மட்டுமே நம் உடல் உணரும். ஒரே வேகத்தில் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது அதற்குத் தெரியாது. ஆதலால் பறப்பவர்கள் காற்றழுத்தத்தை அளக்கும் கருவியொன்றை வைத்திருப்பார்கள். கடல்மட்டத்துக்கு அருகே எட்டு மீற்றர் உயர்ந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். மிகச் சிறிய மாறுதலையும் அக்கருவி கண்டறிந்து, ஏறும்போது துடிதுடிப்பாகக் கூவும். இறங்கும்போது தாழ்ந்த குரலில் முனகும். மருமகன் அதை மேசையில் வைத்து, கையில் எடுத்து மேலே உயர்த்திக் காட்டினான். கூவியது. நான் சிரித்தேன்.

"ஏன் மாமா சிரிக்கிறீங்கள்?"

"இது எங்கடை விண் தம்பி" என்றேன்.

இந்தக் காலத்தில் அக்கருவியின் வேலையையும் அதற்கு மேலும் செய்வதற்குக் கைத்தொலைபேசியிலேயே செயலிகள் வந்துவிட்டன. பறப்பவனின் இரண்டு கைகளும் சிறகின் கடிவாளங்களைப் பிடித்திருக்கும். கைகளிலோ தடித்த கையுறை. திரையைத் தட்டிக்கொண்டிருக்க அவனால் இயலாது. ஆதலால் இன்னது நிகழ்ந்தால் இன்னதைச் செய் என்று தரையில் இருக்கும்போதே விதி எழுதிவைத்துவிடுகிறார்கள். வட்டமிடத் தொடங்கினால், காற்றுத் தூணைக் காட்டும் பக்கத்தைத் தானே விரி. தடைசெய்யப்பட்ட வான்பரப்பு நெருங்கினால், குரல்கொடுத்து எச்சரி. கால் மணிக்கொரு தடவை, நிற்கும் இடத்தை நண்பர்களுக்கு அனுப்பு. கைத்தொலைபேசிக் கோபுரம் எட்டாத இடங்களுக்காக 66 செய்மதிகளைக் கொண்ட இரிடியம் வலையமைப்பின்வழி செய்தி விடும் சிறு கருவிகளும் உண்டு. பறப்பவர்கள் தமக்குள்ளே இருப்பிடத்தை அறிவித்துக்கொள்ளும் ஃபானெற் என்னும் வானொலி முறையும் உண்டு.

வான்பரப்பு எச்சரிக்கையை வீண் ஆடம்பரம் என்று எண்ணிவிடக் கூடாது. அவன் பறக்கும் பிரியன்சு ஏரியின் கிழக்கே மைரிங்கன் என்னும் இடத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. போர்விமானங்கள் எழும் வேளையில் துணிச் சிறகோடு அவ்வெல்லைக்குள் நுழைவது தனக்கும் பிறர்க்கும் ஆபத்து.

இவையெல்லாவற்றையும் விளக்கிய பின், அன்றிரவு அவன் குரலைத் தாழ்த்தி ஓர் இரகசியம் சொன்னான். அவன் பறக்கப் புறப்பட்டவுடன் தாயாருக்கு ஒரு செய்தி வரும்: "அம்மா, வெளிக்கிட்டிட்டன்." இறங்கியவுடன் இன்னொன்று வரும்: "அம்மா, இறங்கிட்டன், சுகம்." நான்கு வருடமாய் வருகிறது. அக்காவின் வாழ்வில் அந்த இரண்டு செய்திகளுக்கும் இடைப்பட்ட நேரம் நோன்புபோலக் கழியும். ஆனால் அவற்றை அவன் எழுதுவதில்லை. ஒருமுறை எழுதிச் செயலியிடம் கொடுத்துவிட்டான். வேகமும் உயரமும் பறப்புக்குரியனவாய் மாறியவுடன் முதலாவதையும், அசைவு நின்று சிறிது நேரம் கழிந்தவுடன் இரண்டாவதையும், அதுவே அனுப்பிவிடும். அம்மா பதில் எழுதினால், அதைத் தமிழிலேயே வாசித்துக் காதில் சொல்லும்.

"அம்மாவுக்குத் தெரியாது மாமா. சொல்லிப்போடாதேங்கோ" என்றான்.

நான் தலையசைத்தேன். இதில் என்ன பிழை என்றே அப்போது எனக்குத் தோன்றியது. மறந்துபோகும் மகனைவிட மறவாத இயந்திரம் மேலன்றோ?

மறுநாள் அவன் நீடர்ஹோர்ண் மலையிலிருந்து புறப்பட்டு, இன்ரலாக்கனைத் தாண்டி, பிரியன்சு ஏரிக்கு மேலுள்ள நீண்ட மலைத்தொடர் வழியே கிழக்கு நோக்கிப் போனான். அவன் போகும் பாதையைப் புள்ளியாகக் காட்டும் படத்தை என்னுடைய கைத்தொலைபேசியிலும் ஏற்படுத்தித் தந்திருந்தான். மூன்று மணிக்குச் சற்றுப் பின் அக்காவின் தொலைபேசி ஒலித்தது. "இறங்கிட்டானாம்" என்று சொல்லி, நெடுமூச்சு விட்டு, அவர் அடுப்படிக்குப் போனார். போகும்போதே, "சாப்பாடு ஆறப்போகுது, கெதியா வா ராசா" என்று பதிலும் எழுதிவிட்டார்.

நான் படத்தைப் பார்த்தேன். புள்ளி நின்றிருந்தது உண்மைதான். ஆனால் நின்ற இடம் ஏரிக்கரைப் புல்வெளி அன்று. மலைச்சரிவில் அடர்ந்த பச்சை தீட்டிய காடு. ஏரியின் மட்டம் 564 மீற்றர். புள்ளியின் அருகே எழுதியிருந்த உயரமோ 1,200க்கும் மேல். எனக்குக் கைகால் பதறியது. அழைத்தேன், பதிலில்லை. மீண்டும் அழைத்தேன், இல்லை. அடுப்படியில் அக்கா கறி தாளிக்கும் ஓசை கேட்டது. இறங்கியதாய் எழுதியது மகன் அல்ல என்பதும், இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் அசைவு நின்றது என்பது மட்டுமே என்பதும், அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். அசைவு எதனால் நின்றது என்று அதற்குத் தெரியாது. புல்வெளியில் கால் ஊன்றி நின்றாலும் நிற்கும். வேறுவிதமாய் நின்றாலும் நிற்கும்.

அந்த அரைமணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சொல்வதா, விடுவதா? சொன்னால் அந்தத் தாய் என்ன செய்வார்? சொல்லாமல் இருந்து, ஏதேனும் ஆகியிருந்தால், பின்பு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? கடைசியில் அடுப்படி வாயிலிற் போய் நின்று, "அக்கா" என்றேன். அப்போதுதான் என் தொலைபேசி ஒலித்தது.

"மாமா, நான் மரத்திலை தொங்கிறன். ஒண்டும் ஆகேல்லை."

நடந்ததைப் பின்னர் சொன்னான். பிற்பகலிற் பள்ளத்தாக்குக் காற்று வலுத்துவிட்டது. மலைத்தொடரின் காற்று மறைவுப் பக்கத்துக்கு அறியாமற் போய்விட்டான்; அங்கே காற்றுச் சுழன்று கீழே அழுத்தும். அதே நேரத்தில் காதில் எச்சரிக்கைகள் ஒன்றன்மேலொன்றாய் வந்தன. வான்பரப்பு எல்லை நெருங்குகிறது, காற்றின் வேகம் மிகுந்துவிட்டது, பக்கத்தில் இன்னொருவர் பறக்கிறார், மின்கலம் குறைகிறது. எல்லாம் ஒரே குரலில், ஒரே அவசரத்தோடு. நான்கையும் கேட்டதில் முக்கியமான ஒன்றைக் கேளாமல் விட்டான். கருவி வெகுநேரமாய்த் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. சிறகு ஒரு புறம் மடங்கி விரிந்தது, உயரம் போதவில்லை, ஊசியிலை மரமொன்றின் உச்சிக்கிளைகளில் சிறகு சிக்கி, நிலத்துக்குப் பதினைந்து மீற்றர் மேலே தொங்கினான்.

முதலில் தன்னை அடிமரத்தோடு வாரினாற் கட்டிக்கொண்டானாம். மரத்தில் இறங்கியவன் அவசரப்பட்டு அவிழ்த்து விழுவதே பெரிய ஆபத்தென்று கற்பித்திருந்தார்கள். தொலைபேசி பிடியிலிருந்து கழன்று, கயிற்றில் கீழே ஊசலாடிக்கொண்டிருந்தது. அப்போது, அந்த அமைதியான காட்டில், உணர்ச்சியில்லாத ஒரு பெண்குரல் கீழிருந்து தமிழிற் பேசியது: "சாப்பாடு ஆறப்போகுது, கெதியா வா ராசா."

"அப்பதான் மாமா எனக்கு அழுகை வந்தது" என்றான்.

கயிற்றை இழுத்துத் தொலைபேசியை எடுத்து, வான்வழி மீட்புச் சேவையின் 1414 என்னும் இலக்கத்தை அழைத்துவிட்டுத்தான் எனக்கு அழைத்திருந்தான். மீட்பவர்கள் வந்து, கயிறு கட்டி இறக்கினார்கள். இரவு ஏழு மணிக்கு, முழங்கையில் ஒரு சிராய்ப்போடு, வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

நான் சொல்லவேண்டியிருக்கவில்லை, அவனே தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னான், செய்தியின் இரகசியம் உட்பட. அக்கா மரத்தில் தொங்கியதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒன்றை மட்டும் கேட்டார்: "அப்ப நாலு வரியமா நான் 'கவனம் ராசா' எண்டு எழுதினதெல்லாம் மெசினுக்கோ?"

"இல்லை அம்மா. அனுப்பினதுதான் மெசின். நீங்கள் எழுதினதெல்லாம் எனக்குத்தான் வந்தது. ஒண்டும் விடாமற் கேட்டனான்."

அக்கா எழுந்து போய் ஆறிப்போன சோற்றைச் சூடாக்கினார்.

2007ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் மனிலா என்னும் ஊரில் நடந்த சம்பவமொன்று பறப்பவர்களுக்கெல்லாம் தெரியும். ஈவா விஷ்னியெர்ஸ்கா என்னும் ஜெர்மன் நாட்டு வீராங்கனையை இடிமேகமொன்று உள்ளே இழுத்து, 9,946 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. உறைகுளிரிலும் மூச்சுக் காற்றின்மையிலும் அவர் நினைவிழந்தார். அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் உயிர் துறந்தார். ஈவாவோ கீழே இறங்கிவரும் வழியில் நினைவு மீண்டு, உயிரோடு தரை சேர்ந்தார். அவர் நினைவற்றிருந்த வேளையிலும் அவருடைய கருவி உயரத்தையும் பாதையையும் பிழையின்றிக் குறித்துக்கொண்டே இருந்தது. எந்தக் கருவியும் அவ்வளவுதான் செய்யும். மனிதன் எங்கே இருக்கிறான் என்பதைச் சொல்லும். எப்படி இருக்கிறான் என்பதை அவன்தான் சொல்லவேண்டும்.

அடுத்த வாரம் முழுவதும் மருமகன் தன் விதிகளைத் திருத்தி எழுதினான். எச்சரிக்கைகளிற் பெரும்பாலானவற்றை ஊமையாக்கினான். உயிருக்கு உடனடி ஆபத்தானவை மட்டும் பேசும். மற்றவை திரையில் எழுத்தாய் நிற்கும். இறங்கிய செய்தியையும் மாற்றினான். இப்போது செயலி அனுப்புவது இது: "இது இயந்திரம். அசைவு நின்றது. இடமும் உயரமும் இவை." அதன்பின் பத்து நிமிடத்துக்குள் அவன் தன் கையால் ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டுமே "சுகம்" என்ற சொல் போகும். அழுத்தாவிட்டால், செயலி அவனுடைய பறக்கும் நண்பர்கள் மூவருக்கு இடத்தைக் குறித்து அபாயச் செய்தி விடும். "சுகம்" என்னும் சொல்லை இயந்திரத்தின் வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

நான் ஊர் திரும்பும் நாளுக்கு முன்னாள் அவன் மீண்டும் பறந்தான். அக்காவும் நானும் முற்றத்தில் இருந்தோம். முதற் செய்தி வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டார், அடுப்படிக்குப் போகவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நான்காவது நிமிடத்தில் மற்றச் செய்தி வந்தது. எழுத்துப் பிழையோடு வந்தது. "சுகம்" என்பதற்கு முன்னே, அவசரத்தில் தட்டியதுபோல், "அம்ம" என்று காலில்லாமல் இருந்தது.

அக்கா அதை இருமுறை வாசித்தார். பின்பு, "இது அவன்தான்" என்று சொல்லி எழுந்தார்.