இரண்டேமுக்கால் மில்லிமீட்டர்

மாதிரி ரயிலின் மோட்டாரும், அதைச் சென்னையின் ஈரக்காற்றும் தூசியும் படுத்தும் பாடும் இந்த வாரத்துக்குரியவை என்று சென்ற இதழின் கடைசி வரி அறிவித்திருந்தது. எச்.ஓ., டபுள் ஓ, என் ஆகிய அளவு வகைகள் முன்பே விளக்கப்பட்டவை. தொடரை விடாமல் படித்துவருபவர்களுக்கு எச்.ஓ. என்பது உண்மை ரயிலின் அளவில் 87-ல் ஒரு பங்கு என்று நினைவூட்டினால் போதும். ஆனால் மோட்டாரைத் திறப்பதற்கு முன், அந்த எஞ்சின் நிற்கும் தண்டவாளத்தின் அகலத்தை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டியிருந்தது. அளக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கை விட்டு நகர வழியில்லாமல் போயிற்று.

இருப்புப்பாதையின் அகலம், அதாவது ரயில்வே வழக்கில் கேஜ் எனப்படுவது, ஒரு தண்டவாளத்தின் உள்முகத்திலிருந்து எதிர்த் தண்டவாளத்தின் உள்முகம் வரை உள்ள தூரம். ராயபுரத்திலிருந்து ஆவடி, அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது இந்தத் தூரம் ஐந்தரை அடி, இன்றைய கணக்கில் 1,676 மில்லிமீட்டர். அன்று தொட்டு இன்றுவரை அம்பத்தூரிலும் ஆவடியிலும் அது மாறவேயில்லை. இதை எச்.ஓ. அளவுக்குச் சுருக்கினால் 19.25 மில்லிமீட்டர் வரும். ஆனால் உலகில் எந்தக் கடையில் எச்.ஓ. தண்டவாளம் வாங்கினாலும் அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். இடையே விழும் இரண்டேமுக்கால் மில்லிமீட்டரைத் திரும்ப 87 மடங்காக்கினால் 24 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். ஆவடி வீடு ஒன்றின் மேசைமீது நீலப் பெட்டிகளோடு ஓடும் எக்ஸ்பிரஸ் வண்டி, ஒரு சாண் குறுகலான பாதையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பதினாறரையின் பிறப்பிடம் ஜெர்மனி. நியூரம்பர்க் நகரின் பிங் நிறுவனம் 1922-ல் சாப்பாட்டு மேசைமீது வைத்து ஓட்டத்தக்க சிறு ரயிலை வெளியிட்டது. அதற்கு முன் வீட்டு ரயிலுக்கு வழக்கமாக இருந்த ‘ஓ’ பாதையின் அகலம் 32 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி என்பதால் புதிய அளவுக்குப் பின்னாளில் ‘பாதி ஓ’ என்ற பொருளில் எச்.ஓ. என்ற பெயர் நிலைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரயில் பாதையின் பொது அகலம் நான்கடி எட்டரை அங்குலம், அதாவது 1,435 மில்லிமீட்டர். இதற்கு ஸ்டாண்டர்டு கேஜ் என்று பெயர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. ஆக, கடைத் தண்டவாளம் பிழையானதன்று. அது வேறொரு நாட்டின் ரயிலுக்குச் சரியானது, அவ்வளவே.

கணக்கின் அழகு இங்கேதான் தொடங்குகிறது. எச்.ஓ. என்பதை ‘87-ல் ஒரு பங்கு’ என்று சொல்வதைவிட, ‘ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்’ என்று சொல்வதே அதை வகுத்தவர்களின் முறை. அடியும் மில்லிமீட்டரும் கலந்த இந்த விநோத அளவுகோலில் இந்திய அகலப்பாதையை வைத்தால், ஐந்தரையை மூன்றரையால் பெருக்க, பின்னத்தில் ஒரு துளி மிச்சமின்றி 19.25 கிடைக்கிறது. ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற டபுள் ஓ கணக்கில் அதுவே மிகச் சரியாக 22. ஐந்தேகால் அடிப் பாதை கொண்ட அயர்லாந்துக்கு இதே கணக்கில் 21 வருகிறது. அந்நாட்டில் சிலர் கடைத் தண்டவாளத்தை ஒதுக்கிவிட்டு 21 மில்லிமீட்டரில் தாமே பாதை போட்டு ஓட்டுகிறார்கள். இந்தியப் பாதைக்கு அளவு வகுக்க எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை. பெருக்கல் வாய்பாடே வகுத்துக் கொடுத்துவிட்டது.

தம் சொந்த ரயிலுக்கே பொருந்தாத பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் பிரிட்டிஷார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் பழைய சுரங்கங்களும் பாலங்களும் குறுகலானவை என்பதால் அங்கே எஞ்சின்களின் உடலும் சிறியது. மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் செய்த எஞ்சினுக்குள் அன்றைய மோட்டார் நுழையவில்லை. ஆகவே உடலை மட்டும் நான்கு மில்லிமீட்டர் கணக்குக்குப் பெருக்கி, பாதையைப் பழைய 16.5-லேயே விட்டார்கள். 1938-ல் வெளிவந்த ஹார்ன்பி டப்லோ ரயில்கள் இந்தச் சமரசத்தைப் பிரிட்டன் முழுவதும் பரப்பின. விளைவாக அங்கே ஓடும் மாதிரி ரயிலின் பாதை, உண்மைக் கணக்கில் ஏழு அங்குலம் குறைவு. இதைப் பொறுக்காதவர்கள் முதலில் 18 மில்லிமீட்டருக்கும், 1960-களில் 18.83 மில்லிமீட்டருக்கும் போனார்கள். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை உண்மையைத் துரத்திய அவர்களுடைய பிடிவாதம் மரியாதைக்குரியது. மீந்த பெரும்பான்மையோர் இன்றும் 16.5-ல்தான் ஓட்டுகிறார்கள்.

இந்தியாவுக்கு ஐந்தரை அடி வந்ததும் ஒரு பேரத்தின் முடிவே. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஆறு அடி வேண்டுமென்றார். லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் விருப்பம் நான்கடி எட்டரை அங்குலம். ஆலோசனைப் பொறியாளர் சிம்ஸ் சொல்லியிருந்த ஐந்தரை இடையில் நின்று வென்றது. அன்று இயக்குநர்களின் சொல் எடுபட்டிருந்தால், அம்பத்தூர்க்காரர் ஒருவர் இன்று கடையில் பெட்டியைப் பிரித்த கையோடு அளவுக்குச் சரியான பாதையைப் போட்டுவிடலாம்.

நடைமுறையில் சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளில் இந்த அகலக் குறை எப்படித் தெரிகிறது என்றால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தெரிவதேயில்லை. ஐ.சி.எப். வகைப் பெட்டியின் அகலம் 3,245 மில்லிமீட்டர், எச்.ஓ.வில் 37. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிச் சன்னல்களை ஒவ்வொன்றாகக் குடைந்தெடுத்த பெட்டி, மேசையின் ஓரமாக ஓடும்போது கண்ணில் படுவது சன்னல் வரிசையும் வண்ணப்பட்டையும்தான். நேர் எதிரே குனிந்து, நடைமேடையின் முனையில் வண்டிக்குக் காத்திருப்பவரின் கண்மட்டத்தில் பார்த்தால் மட்டும், பருத்த உடலுக்குக் கீழே கால்கள் ஒட்டி நிற்பதுபோல் ஒரு குறை தோன்றும். தினமும் கொரட்டூரிலோ பட்டரவாக்கத்திலோ நின்று மின்ரயில் வருவதை நேர் எதிரே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் குறை உடனே பிடிபடுகிறது. புணேயில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தைப் பார்க்க வரும் கூட்டம் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஓட்டமே அங்கே காட்சி, அது நியாயமும்கூட.

அகலத்தில் நேரும் சமரசம், வளைவில் நேர்வதன் முன்னே மிகச் சிறியது என்பதும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர், எச்.ஓ.வில் அது இரண்டு மீட்டர், ஆகவே வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவர நான்கு மீட்டருக்கு மேல் அகலமான அறை வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் வளைவுத் துண்டின் ஆரமோ 438 மில்லிமீட்டர், உண்மைக் கணக்கில் 38 மீட்டர். நீளமும் இப்படித்தான்: 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றை முழுதாகக் கோத்தால் ஆறு மீட்டரைத் தாண்டும். இத்தனையையும் விட்டுக்கொடுத்தவர் இரண்டேமுக்கால் மில்லிமீட்டருக்காக ஏன் வருந்த வேண்டும் என்ற கேள்விக்கு விடை உண்டு: வளைவையும் நீளத்தையும் வீட்டின் சுவர் தீர்மானிக்கிறது, அகலத்தைக் கை தீர்மானிக்கிறது. கையால் முடிவதை விட்டுவிடுவதுதான் பிறகு உறுத்தும்.

கையால் பாதை போடுவது இவ்வாறு நடக்கிறது. மின்னணுச் சுற்றுகள் அச்சிடப் பயன்படும் செப்புத் தகடு ஒட்டிய பலகை ரிச்சி தெருவில் கிடைக்கும். அதை மூன்று மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் 31.6 மில்லிமீட்டர் நீளத்தில் நறுக்கினால், 2.75 மீட்டர் நீளமுள்ள அகலப்பாதைக் கான்கிரீட் சிலிப்பர் கட்டையின் எச்.ஓ. வடிவம் கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் சிறு அரத்தால் செப்பை மட்டும் கீறிப் பிரிக்க வேண்டும். இரு தண்டவாளங்களும் 12 வோல்ட் மின்சாரத்தின் இரு முனைகள் என்பதால், கீறல் விட்டுப்போன ஒரே ஒரு கட்டை முழுப் பாதையையும் ஷார்ட் ஆக்கிவிடும். பிறகு தண்டவாளத்தை வைத்து, 19.25-க்குக் கடைந்த உலோக அச்சு ஒன்றை இடையில் செருகி, சால்டரிங் கம்பியால் பற்றவைக்க வேண்டும். முக்கியப் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1,660 கட்டைகள் என்பது இந்திய ரயில்வே வழக்கம், எச்.ஓ.வின் ஒரு மீட்டர் உண்மையில் 87 மீட்டர் என்பதால் அதற்கு 144 கட்டைகள், பற்றுமுனைகள் 288. ஐந்து கட்டைக்கு ஒன்றை மட்டும் செப்பில் வைத்து மற்றவற்றை மரச்சீவலில் ஒட்டுபவர்களும் உண்டு. மேலே சாம்பல் வண்ணம் பூசி, சலித்த கருங்கல் தூளைப் பரப்பிய பின் எது எதுவென்று தெரியாது.

தண்டவாளத்தின் உயரத்திலும் ஒரு பொருத்தம் ஒளிந்திருக்கிறது. இந்திய ரயில்வேயின் 52 கிலோ தண்டவாளம், அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 52 கிலோ எடையுள்ளது, 156 மில்லிமீட்டர் உயரம், எச்.ஓ.வில் 1.79. கடையில் ‘கோட் 70’ என்ற பெயரில் விற்கும் சிறு தண்டவாளத்தின் உயரம் 1.78. வெளிநாட்டில் வேறெதற்கோ வார்த்த கம்பி, நம் 52 கிலோ தண்டவாளத்துக்கு மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது! இந்தக் கம்பியின் உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர்; வெள்ளி அதில் இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான் உண்டு. பாத்திரக்கடையில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லி, கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க வாங்கும் குங்குமச் சிமிழும் இதே உலோகக் குடும்பம்தான். கொலுப் படிகளுக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கிய பூங்காவைச் சுற்றி ஓடிய சாவி ரயிலில்தான் தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தப் பித்தே தொடங்கியிருக்கிறது. அந்தப் பூங்காவில் ரயிலைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக இருந்ததை அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

பாதை அகன்றால் சக்கரமும் அகல வேண்டும். ஓர் அச்சின் இரு சக்கரங்களுடைய உள்முகங்களுக்கு இடையே 16.5 பாதையில் ஏறத்தாழ 14.4 மில்லிமீட்டர் இருக்கும்; அது 17-க்கு மேல் விரிய வேண்டும். பெட்டிக்கு இது எளிது: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ளவை போன்ற லேத் பட்டறைக்கு மாதிரிச் சக்கரத்தையும் அளவையும் கொண்டுபோனால் நீளமான அச்சைக் கடைந்து வாங்கலாம், ஒரு பக்கச் சக்கரமாவது அச்சோடு மின்தொடர்பு இல்லாமல் பிளாஸ்டிக் வளையத்தில் உட்கார வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சினில் பல்சக்கரங்களும் சேர்ந்து நகர வேண்டியிருப்பதால் வேலை பலமடங்கு கூடுகிறது. ஆகவே சுற்றி ஓடும் பாதையை 16.5-லேயே விட்டுவிட்டு, அலமாரியில் நிறுத்திவைக்கும் ஒரு வண்டிக்கு மட்டும் ஒரு மீட்டர் நீளத்துக்கு 19.25-ல் பாதை போடுவது, இத்தொடரின் கணிப்பில், தொடங்குபவருக்கு உகந்த வழி. வில்லிவாக்கம் பக்கம் நியூ ஆவடி சாலையில் 2002 முதல் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய், நிறுத்திவைத்திருக்கும் பழைய வண்டிகளின் முன்னே குனிந்து சக்கரத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவை ஒருமுறை பார்த்துவந்தால் கை தானே சரியான அளவைத் தேடும்.

இந்த வாரத்தின் பெருமகிழ்ச்சி பூந்தமல்லியில் இருக்கிறது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாய்த்த ரயில் பாதை பூந்தமல்லிக்கு வாய்க்கவில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை திட்டமிட்ட மெட்ரோ பாதைதான் அந்த ஊருக்கு முதல் தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. சென்னை மெட்ரோவின் பாதை அகலம் 1,676 அன்று. உலகின் பெரும்பாலான மெட்ரோக்களைப் போல அதுவும் 1,435 மில்லிமீட்டர், அதாவது ஸ்டாண்டர்டு கேஜ். 87-ஆல் வகுத்தால் 16.5. கடையில் வாங்கிய எச்.ஓ. தண்டவாளத்தை அப்படியே மேசைமீது வைத்தால், மேற்குப் புறநகரில் அதற்கு முழு உண்மையாக நிற்கும் ரயில் பூந்தமல்லி மெட்ரோ ஒன்றே. போரூர் சாலைக்கு மேலே தூண்களில் செல்லும் பாதையின் அமைப்பும் வீட்டுக்கு இசைவானது: சுவரோரம் ஒரு நீண்ட பலகை, கீழே வரிசையாகத் தூண்கள், மேலே இரட்டைப் பாதை. ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி வடிவமைத்த அந்த மூன்று பெட்டி வண்டி எச்.ஓ.வில் ஏறத்தாழ முக்கால் மீட்டர். ஆறு மீட்டர் எக்ஸ்பிரசுக்கு இடமில்லாத வீட்டின் சன்னல் திட்டிலும் அது முழுதாக நிற்கும். ஓட்டுநர் அறையில் மனிதப் பொம்மை வைக்காவிட்டாலும் அது குறையாகாது.

மோட்டாருக்கு இவ்விதழில் மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். மழைக்காலம் வந்துவிட்டதால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்: ஓட மறுக்கும் எஞ்சினுக்கு மின்னழுத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கக் கூடாது. உடலைக் கழற்றி, கம்யூட்டேட்டர் எனப்படும் செப்பு வளையத்தை, அதாவது சுழலும் சுருளுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி அனுப்பும் பகுதியை, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பஞ்சு கரியாக வரும். அடுத்த பஞ்சு வெளுப்பாக வரும்வரை துடைத்து, தண்டின் இரு முனைகளிலும் ஊசி முனையால் தொட்டு வைத்த ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். அந்த எண்ணெய் செப்பு வளையத்தில் பட்டுவிட்டால் என்ன ஆகும், அந்த வளையத்தைத் தொட்டு மின்சாரம் தரும் கரித்துண்டுகளை எப்போது மாற்றுவது, ஈரத்தில் புடைத்த பிளைவுட்டின் மேல் வளைந்த பாதையை எப்படி நிமிர்த்துவது ஆகியவை அடுத்த வாரம்.