வண்டின் வயிற்றில் ஓர் ஆயுதசாலை

பகலெல்லாம் கல்லிடுக்கிலும் சருகினடியிலும் மறைந்து கிடந்து, இருட்டிய பின் வெளிப்பட்டுச் சிறு பூச்சிகளையும் புழுக்களையும் வேட்டையாடித் திரியும் தரைவண்டுகளில் பல, ஆபத்து நேர்ந்த கணத்தில் ஓடித் தப்ப முயலுமேயன்றிப் பறந்து தப்புவதில்லை. சில இனங்களில் சிறகுகளே பறப்பதற்கு உதவாதபடி குன்றிப் போயிருக்கின்றன. எறும்புக் கூட்டமும் தேரையும் பறவையும் உலவும் நிலத்தில் ஓட்டத்தை மட்டும் நம்பி ஜீவிக்க முடியாத இவற்றுக்கு, வயிற்றின் பின்னுனியில் இணையாக அமைந்த இரண்டு சுரப்பிகளே ரட்சணையாக இருக்கின்றன. சுரப்பியில் ஊறும் திரவம் மெல்லிய குழாய் வழியே தசை சூழ்ந்த பையில் வந்து சேர்ந்து, தசை சுருங்கும்போது வெளியே பீச்சப்படுகிறது.

இந்தத் திரவம் எல்லா வண்டுகளிலும் ஒன்றல்ல. ஐரோப்பியக் காடுகளில் வாழும் காராபஸ் இனங்கள் மெதாக்ரிலிக் அமிலத்தைச் சுரக்கின்றன. நம் நாட்டின் வறண்ட நிலங்களில் காணப்படும், கரிய உடலில் ஆறு வெண்புள்ளிகள் கொண்ட ஆந்தியா வண்டோ, சிலவகை எறும்புகளிடம் உள்ள ஃபார்மிக் அமிலத்தையே எதிரியின் மேல் பீச்சியடிக்கிறது.

ஆயினும் இக்குலத்தில் மிகவும் விசித்திரமானது குண்டுவீச்சு வண்டு. ஒரு பையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த திரவத்தையும், அதை அடுத்துள்ள கெட்டிச் சுவருடைய அறையில் நொதிகளையும் அது தனித்தனியே வைத்திருக்கிறது. வெடிமருந்தையும் நெருப்பையும் ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துவது போன்ற ஏற்பாடு அது. எதிரி தீண்டியதும் இடைவாயில் திறந்து திரவம் அறைக்குள் பாய, நொதிகள் பெராக்சைடைப் பிராணவாயுவாகவும் நீராகவும் பிரித்து, ஹைட்ரோகுவினோனை எரிச்சலூட்டும் பென்சோகுவினோனாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் பிறக்கும் உஷ்ணம் கலவையைக் கொதிநிலைக்கே கொண்டு செல்ல, பிராணவாயுவின் அழுத்தம் அதைச் சத்தத்துடன் வெளியே தள்ளுகிறது. பூச்சியியல் விஞ்ஞானி தாமஸ் ஐஸ்னரும் அவருடைய சகாக்களும் 1969-இல் அளந்தபோது அதன் வெப்பம் 100 டிகிரியாக இருந்தது.

இத்தனை வெப்பத்தில் வண்டு தானே வெந்துபோகாதது எப்படி? அந்தப் பாய்ச்சல் ஒரே ஓட்டமாக நிகழாமல், வினாடிக்கு ஏறக்குறைய 500 சிறு துடிப்புகளாக நிகழ்கிறது என்பது 1990-இல் நிரூபணமாயிற்று. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் இடைவாயிலைத் தானாகவே மூடிவிட, அழுத்தம் தணிந்ததும் புதிய திரவம் நுழைந்து அடுத்த வெடிப்பை உண்டாக்குகிறது என்பதை, உயிருள்ள வண்டின் உள்ளே எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் பார்த்த அமெரிக்க விஞ்ஞானிகள் 2015-இல் உறுதிப்படுத்தினர். அடிக்கடி உட்புகும் புதிய திரவம் அறையைச் சற்றே குளிர்விக்கவும் செய்கிறது.

விழுங்கப்பட்ட பிறகும் இந்த ஆயுதம் பயனற்றுப் போவதில்லை. ஜப்பானில் தேரைகளுக்கு இவ்வகை வண்டுகளைக் கொடுத்துச் சோதித்தபோது, 43 சதவீதத் தேரைகள் 12 முதல் 107 நிமிஷங்களுக்குள் வண்டுகளைக் கக்கிவிட்டன என்றும், அவை உயிரோடிருந்தன என்றும் 2018-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

விஷத்தை உண்டாக்கும் வித்தை எத்தனையோ ஜீவராசிகளுக்குக் கைவந்தது. அதைத் தன் உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வேண்டிய கணம் வரையில் பிரித்துக் காத்து, வேண்டிய அளவே கலந்து விடுகிற நிர்வாகத்தில்தான் இச்சிறு வண்டின் மேதைமை விளங்குகிறது.