4.5 மீட்டர்: ராட்சத மறுபயனீட்டு இயந்திரம் துறைமுகத்திலிருந்து துவாஸ் போய்ச் சேருவது எப்படி?

ராத்திரி நேரத்தில் துவாஸ் பக்கம் வண்டி ஓட்டியிருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் விளக்கு சுழல ஒரு வாகனம். அதன் பின்னால் ஊர்ந்து வரும் நீளமான டிரெய்லர். அதன்மேல் தார்ப்பாய் போர்த்திய, சின்ன வீடு மாதிரி ஏதோ ஒன்று. கடைசியில் இன்னொரு வாகனம்.

"இதைக் கொண்டுபோக வேற நேரமே கிடைக்கலையா? ஏன் இவ்வளவு மெதுவா போறாங்க?" என்று எரிச்சல்கூட வந்திருக்கும்.

தார்ப்பாய்க்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தக் கட்டுரைக்கு அது ஒரு மறுபயனீட்டு இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நீலத் தொட்டியில் போடும் அட்டைப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் அழுத்தி, கட்டுக்கட்டாகக் கட்டித் தள்ளும் இயந்திரம். 'பேலர்' என்பார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலில் வந்திருக்கும். கப்பலுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஜூரோங் துறைமுகத்தில் இறங்கி, துவாஸ் தொழிற்சாலைக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டரில்தான் தலைவலி ஆரம்பிக்கிறது.

பிரிச்சுக் கொண்டுவந்தா என்ன?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பாதிக்கு மேல் பிரித்துத்தான் கொண்டுவருகிறார்கள். பொருள்களை ஏற்றிவிடும் கன்வேயர், ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டி, பம்ப், மின்கட்டுப்பாட்டுப் பெட்டி, ஏணி, நடைமேடை எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும். அவை சாதாரணக் கொள்கலன்களில் அடங்கிவிடும்.

அடங்காதது நடுவில் இருக்கும் அழுத்தும் அறை. பெரிய பேலர்கள் நூறு டன்னுக்கும் அதிகமான விசையோடு குப்பையை நசுக்குகின்றன. அந்த விசை அட்டையை மட்டும் தள்ளுவதில்லை, அறையின் சுவர்களையும் வெளியே தள்ளுகிறது. நாள் முழுக்க, நிமிடத்துக்கு நிமிடம். அதனால் தடித்த எஃகுத் தகடுகளை ஒன்றோடு ஒன்று பற்றவைத்து ஒரே துண்டாகச் செய்கிறார்கள். அதை இரண்டாக வெட்டி போல்ட் போட்டு இணைத்தால், அந்த போல்ட்தான் முதலில் தளரும்.

இப்போது கொள்கலனைப் பாருங்கள். அதன் கதவு அகலம் ஏறக்குறைய 2.3 மீட்டர். அழுத்தும் அறை அதைவிட அகலம் என்றால் உள்ளே போகாது. கூரையும் பக்கச் சுவரும் இல்லாத 'ஃபிளாட் ரேக்' என்ற தட்டையான கொள்கலனில் வைத்துக் கட்டுவார்கள். அதற்கும் பெரிதென்றால் கப்பலில் தனிச் சரக்காக வரும். ஜூரோங் துறைமுகம் பல காலமாகச் செய்துவரும் வேலைகளில் இதுவும் ஒன்று: கொள்கலனுக்குள் அடங்காத எஃகு, இயந்திரம், கட்டுமானச் சரக்கு.

சரி, அந்த 4.5 என்ன கணக்கு?

சிங்கப்பூர்ச் சாலைகளில் சரக்கோடு சேர்த்து வாகனத்தின் உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் அது சாதாரணப் பயணம் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். கூடவே வழித்துணை வாகனங்களும் அதிகாரிகளும் வர வேண்டும். அகலத்துக்கும் எடைக்கும் தனி வரம்புகள் உண்டு. ஆனால் அதிகம் படுத்துவது உயரம்தான்.

கொள்கலன் லாரிகளை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். சாதாரண டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர். அதன்மேல் 2.6 மீட்டர் உயரக் கொள்கலன் வைத்தால் 4.1. உயரமான வகைக் கொள்கலன், அதாவது 2.9 மீட்டர், வைத்தால் 4.4. வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் நூலிழையில். நீங்கள் தினமும் பார்க்கும் கொள்கலன் லாரிகளுக்கும் மேம்பாலத்துக்கும் நடுவில் இருக்கும் நிம்மதி அவ்வளவுதான்.

நம் இயந்திரத்தின் அழுத்தும் அறை 3.8 மீட்டர் உயரம் என்று வைப்போம். சாதாரண டிரெய்லரில் ஏற்றினால் 5.3. நினைத்தே பார்க்க வேண்டாம். 'லோ-பெட்' எனப்படும் தாழ்தள டிரெய்லர் ஒன்றின் தளம் 0.9 மீட்டர் உயரத்தில் இருந்தால் 4.7. இன்னும் 20 சென்டிமீட்டர் அதிகம். பள்ளியில் பயன்படுத்திய அடிக்கோலின் நீளம்கூட இல்லை. ஆனால் அந்த 20 சென்டிமீட்டருக்காக அனுமதி, வழித்துணை, இரவுப் பயணம், எல்லாம் வந்துவிடும். இல்லையென்றால் இயந்திரத்தின் தலையில் இருக்கும் வாய்ப்பகுதியைத் தொழிற்சாலையிலேயே கழற்றி அனுப்பச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் அனுபவமுள்ள நிறுவனங்கள் இயந்திரத்தை வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுகின்றன. கப்பல் கிளம்பியபிறகு போட்டால் தாமதம்.

வரைபடத்தை நம்பாதீங்க, டேப்பை நம்புங்க

என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் முக்கியமான கருவி ராட்சதப் பாரந்தூக்கி இல்லை. அளவெடுக்கும் டேப்.

வரைபடத்தில் 3.6 மீட்டர் என்று இருக்கும். ஆனால் இயந்திரத்தின் அடியில் மரக்கட்டை வைத்திருப்பார்கள். மேலே தூக்குவதற்கான கொக்கி வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். தார்ப்பாய்க்கு அடியில் ஒரு குழாய் மடங்காமல் நிற்கும். ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர்தான், கூட்டினால் பெரிது. ஏற்றிக் கட்டி முடித்தபிறகு, தரையிலிருந்து உச்சி வரை அளப்பதுதான் உண்மையான உயரம்.

மண்வாரி இயந்திரத்தை ஏற்றிய லாரி பாதசாரி மேம்பாலத்தில் மோதியது என்று செய்தி படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட விபத்துகளில் இயந்திரத்தின் கை முழுதாக மடங்காமல் கொஞ்சம் தூக்கி நிற்பது உலகெங்கும் தெரிந்த காரணம். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் பின்னால் இருக்கும் சரக்கின் உச்சி தெரியவே தெரியாது. மேம்பாலத்தின்மேல் அந்த நேரம் யாராவது நடந்துகொண்டிருக்கலாம். மோதலில் சரக்கு சரிந்தால் பின்னால் வரும் மோட்டார்சைக்கிள் ஓட்டிக்கு விலக இடமிருக்காது. 4.5 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இவர்களின் உயிர்.

சங்கிலி எதற்கு, 30 டன் தானா நகருமா?

நகரும். இயந்திரத்தின் அடிப்பாகம் எஃகு, டிரெய்லரின் தளமும் எஃகு. மழையில் நனைந்த எஃகுமேல் எஃகு வழுக்கும். எடை அதிகம் என்பதால் அது பத்திரமாக உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பது ஆபத்தான தவறு. பிரேக் பிடிக்கும்போது லாரி நிற்கும், இயந்திரம் அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். அங்கே ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார்.

சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை ஒன்று உண்டு. முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 விழுக்காட்டு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 விழுக்காட்டு விசையையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது அது. 30 டன் இயந்திரம் என்றால் முன்னால் 24 டன், பக்கவாட்டில் 15 டன். அதனால்தான் இரும்புச் சங்கிலிகளை எதிரெதிர்க் கோணத்தில் குறுக்காகப் போட்டு இறுக்குகிறார்கள். அடியில் ரப்பர் பாயோ மரமோ வைக்கிறார்கள். சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடியும் இறுக்குவார்கள். ஆடி ஆடிச் சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இன்னொன்று, எடை நடுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பேலரில் கனமான ஹைட்ராலிக் சிலிண்டர் ஒரு முனையில் இருக்கும். கண்ணால் பார்த்து நடுவில் வைத்தால் டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரங்கள்மேல் பாரம் ஏறிவிடும். எடை மையம் எங்கே என்று தயாரிப்பாளர் இயந்திரத்திலேயே குறி போட்டு அனுப்புவது வழக்கம்.

தூக்கும் வேலைக்கும் விதி இருக்கிறது. சிங்கப்பூரில் பாரந்தூக்கியை இயக்க, பாரம் தூக்கும் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர், சங்கிலி மாட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் என்று ஒவ்வொருவருக்கும் பொறுப்பு தனி. இந்த வேலைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை வேலையிடத்தில் இரண்டு கையாலும் சைகை காட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால், அங்கே யாருடைய பேச்சைப் பாரந்தூக்கி கேட்கிறது என்று கவனியுங்கள்.

கூகள் மேப் சொல்ற வழி உதவாது

உங்களுக்குக் குறுகிய வழி நல்ல வழி. இவர்களுக்கு மேலே எதுவும் இல்லாத வழிதான் நல்ல வழி.

சுரங்கச்சாலைகள் முதலிலேயே அடிபட்டுவிடும். அங்கேயும் 4.5 மீட்டர்தான் வரம்பு. மேற்கில் சுரங்கச்சாலைகள் பிரச்சினை இல்லை என்றாலும் தலைக்குமேல் வேறு விஷயங்கள் நிறைய: பாதசாரி மேம்பாலங்கள், சாலைக்குக் குறுக்கே நிற்கும் வழிகாட்டிப் பலகைகள், சாலைப் பக்கம் சாய்ந்த மரக்கிளைகள், 2017-ல் திறக்கப்பட்ட துவாஸ் மேற்கு நீட்டிப்பின் எம்ஆர்டி மேம்பாலம். ஜூரோங் வட்டார ரயில் பாதையின் கட்டுமானமும் நடக்கிறது. கட்டுமானம் நடக்கும் இடத்தில் சாலைத் தடங்கள் மாறும், தற்காலிகத் தடுப்புகள் வரும். போன மாதம் பார்த்துவைத்த வழி இந்த மாதம் செல்லுபடியாகாமல் போகலாம். அதனால் பயணத்துக்கு முன் அதே வழியில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

வேகம் பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களுக்கு விரைவுச்சாலையிலேயே மணிக்கு 60 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. மேலே உயரமான சரக்கோடு வளைவில் திரும்பும்போது அதுவும் மிக அதிகம்.

நீங்க பக்கத்துல போனா?

குறிப்பாக மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நீண்ட டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் விலகும். இடப்பக்கம் ஒரு இடைவெளி திறந்த மாதிரி தெரியும். "வழி விடுறார்" என்று நினைத்து உள்ளே நுழையக்கூடாது. டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். அந்த இடைவெளி சில விநாடிகளில் மூடிவிடும்.

ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. வழித்துணை வாகனத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் புகுந்து முந்தவும் வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் கொண்டுவரணும்?

செமாக்காவ் குப்பை நிரப்பும் தளம் 1999-ல் செயல்படத் தொடங்கியது. அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. நமக்கு இருப்பது அந்த ஒரே இடம்தான். ஆனால் வீடுகளின் மறுபயனீட்டு விகிதமோ 2023-ல் வெறும் 12 விழுக்காடு. பொருள்களைப் பிரிக்கவும் அழுத்தவும் துண்டாக்கவும் ஆலைகள் வேண்டும், ஆலைகளுக்கு இயந்திரங்கள் வேண்டும். அவற்றில் பெரியவை கடல் வழியாகத்தான் வருகின்றன. அழுத்திக் கட்டிய அட்டையில் பெரும்பகுதி பிறகு கொள்கலனில் ஏறி வெளிநாட்டு ஆலைகளுக்குப் போவதால், தளர்வாக இருப்பதைச் சின்னதாக்கும் பேலர் இல்லாமல் அந்தக் கணக்கே கட்டுப்படியாகாது.

டிரெய்லர் துவாஸ் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றதும் வேலை முடிந்துவிடாது. பாரந்தூக்கியின் கை கூரைக்குக் கீழே நீளாது. ஜாக்கி வைத்து இயந்திரத்தைத் தூக்கி, அடியில் உருளைகளை வைத்து, சில நேரம் ஒரு நாள் முழுக்க, அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளுவார்கள். சில தொழிற்சாலைகளில் அதற்காகவே ஒரு பக்கச் சுவரைக் கட்டாமல் விட்டுவைத்திருப்பார்கள். இயந்திரம் உள்ளே போனபிறகுதான் அந்தச் சுவர் எழும்பும்.